வரப்பில் விட்டுவந்த மம்பட்டி

என் அருமை அப்பா,

உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? ஆறு நாளாக இந்தக் கேள்வியோடுதான் எழுகிறேன், படுக்கிறேன். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சொல்லக்கூடிய ஒரே மனிதர் நீங்கள்; உங்களை ஐப்பசியில் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்தோம்.

முதலில் செய்தி. யுத்தம் இன்னும் முடியவில்லை. மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாகிவிட்டது. வெளிச்சம் இருக்கும்போதே இதை எழுதியாக வேண்டும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மதுரையிலிருந்து வந்திருக்கிறேன். மார்க்கையன்கோட்டை வயலில் பயிர் கதிரை உள்ளே வைத்துப் பொதி கட்டி நிற்கிறது. இந்த நேரத்தில் ஒரு வாரம் தண்ணீர் தப்பினாலும் பாதி பதராகிவிடும் என்கிறார்கள்.

நம் தண்ணீர் முறை ஞாயிற்றுக்கிழமை. வாரத்தில் அந்த ஒரு பகல்தான் வாய்க்கால் நமக்கு. அந்தப் பகலில் நீங்கள் மம்பட்டியைத் தொடமாட்டீர்கள். வீட்டில் அடுப்பு எரியாது. அம்மா சனிக்கிழமை ஆக்கி வைத்ததைத்தான் சாப்பிடுவோம். மாடுகளும் அன்று நுகத்தைப் பார்க்காது. அப்படியிருந்தும் வயல் ஒரு போகமும் காயவில்லை. ஓய்வுநாளைக் காத்தவரின் நிலத்தைக் கர்த்தர் காத்தார் என்று உபதேசியார் சபையில் சொல்லாத வருஷம் இல்லை. அப்போதெல்லாம் நீங்கள் தலையைக் குனிந்துகொள்வீர்கள். தாழ்மை என்று நினைத்திருந்தேன்.

நான் அற்புதங்களை நம்பாதவள். மேல் வயலிலிருந்து கசிகிறது என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். "கசிவாவே இருக்கட்டும்மா. கசிய வச்சது யாரு?" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பையும் இப்போது திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

போன ஞாயிறு நான் ஆராதனைக்குப் போகவில்லை. மணி அடித்துக்கொண்டிருந்தபோது வயலுக்குப் போனேன். கசிவு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்கத்தான்.

மேல் வயல் வீராயி அக்கா நம் மடையை வெட்டிக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்தது நம் மம்பட்டி. பிடியில் நீங்கள் சூடு போட்ட சிலுவைக் குறி தெரிந்தது.

"என்னக்கா செய்றீங்க?"

"ஏ ஆத்தா, மதுரைத் தாயியா? பேயறைஞ்சவ மாதிரி நிக்கிறீக! தண்ணி பாச்சுறேன், வேறென்ன?"

"எங்க வயலுக்கா?"

"வாரா வாரம் பாச்சுறதுதானே. நீங்க பட்டணத்துக்குப் படிக்கப் போன வருசத்துல இருந்து."

ஈர வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பா, நான் படிக்கப் போய் முப்பது வருஷம் ஆகிறது. அந்த நெல்லில்தான் படித்தேன்.

"அப்பா செய்யச் சொன்னாரா?"

"அவுக எதுக்குச் சொல்லணும்? வீரபாண்டி ஆத்தாளுக்குக் காப்புக் கட்டுனவுக வீட்டு வேலய அக்கம்பக்கத்துல பாக்குறதில்லையா? ஒங்கய்யா வாரா வாரம் காப்புக் கட்டுன மனுசன். விரதக்காரரு வயலு காஞ்சா, அந்தப் பாவம் பக்கத்து வயக்காரியத்தான தாயி புடிக்கும்?"

"அவருக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல. அவுக கேக்கல." வீங்கியிருந்த வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "படிச்ச புள்ள கேள்வியாத்தான் கேக்குது. எந்திரிங்க, சேலையெல்லாம் சகதி."

"மம்பட்டி எப்படி உங்ககிட்ட வந்துச்சு?"

"சனிக்கெழம பொழுதெறங்க இங்கனயே போட்டுட்டுப் போவாக. கடைசியாப் போட்டது இன்னும் இங்கனதான் கெடக்கு. எடுப்பேன், பாச்சுவேன், திரும்ப அங்கனயே வச்சிருவேன்."

கயிற்றைக்கூட அதன் முளையில்தான் மாட்டுவீர்கள். நெல் அளக்கும் நாழியைக்கூட இடம் மாற்றி வைக்க விடமாட்டீர்கள். அப்படிப்பட்டவர் வாரம் தவறாமல் ஒரு மம்பட்டியை வயலில் விட்டு வந்தீர்கள். கேட்டால், ஓய்வுநாளில் வேலைக் கருவி கண்ணில் படக்கூடாது என்பீர்கள். யூதர்களும் தங்கள் ஓய்வுநாளில் கருவிகளைத் தொடுவதில்லை என்று நான்தான் உங்களுக்குப் படித்துச் சொன்னேன். அது உங்களுக்குப் பிடித்திருந்தது.

விடுதியில் என்னோடு இருந்த கொச்சி யூதப் பெண் ரேச்சலைப் பற்றியும் சொல்லியிருக்கிறேன். வெள்ளி பொழுது சாய்ந்தால் சனி பொழுது சாயும்வரை அவள் நெருப்பைத் தொடமாட்டாள். ஒருமுறை இருட்டில் அவள் பேசாமல் உட்கார்ந்திருக்க, ஆயா தானாகவே வந்து விளக்கை ஏற்றிவிட்டுப் போனாள். நான் சிரித்தேன். "பிறரை ஏவிச் செய்துகொள்ளவும் கூடாது. நான் ஏவவில்லை" என்றாள் ரேச்சல், முகம் சிவந்து. ஏவவில்லை, சரி. ஆனால் அந்த வெளிச்சத்தில் படித்தாள். இந்தக் கதையை நான் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் சிரித்தீர்களா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

ஓய்வுநாளைக் காக்கச் சொல்லும் அந்தக் கட்டளையை ஐந்து வயதில் எனக்கு மனப்பாடம் செய்வித்தது நீங்கள். அது உன்னோடு நிற்பதில்லை; வேலைக்காரி, மாடு, உன் வாசலுக்குள் இருக்கிற அந்நியர் வரை போகிறது. நம் மாடுகள் ஓய்ந்தன அப்பா. வைக்கோலைத் தின்றுகொண்டு நாள் முழுக்க நிழலில் படுத்திருந்தன. வீராயி அக்கா ஓயவில்லை. உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. முப்பது வருஷமாக விடுமுறைக்கு வந்துபோகும் நான் ஒரு ஞாயிறாவது அந்த வயலுக்குப் போய்ப் பார்த்தேனா? அற்புதம் என்று நிரூபணமாகியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு அதிர்ச்சி இருந்திருக்காது.

நாளை உங்கள் நினைவு ஆராதனை. நேற்று உபதேசியார் வந்திருந்தார். "நீங்க ரெண்டு வார்த்தை சாட்சி சொல்லணும்மா. அந்த வயலைப் பத்தி. சனங்க ஆசப்படுறாக" என்றார். சரி என்று தலையாட்டினேன். உள்ளதைச் சொன்னால் உங்கள் பெயர் என்ன ஆகும்? சொல்லாவிட்டால் வீராயி அக்காவின் முப்பது வருஷம் என்ன ஆகும்?

இன்று சாயங்காலம் நம் மம்பட்டியை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். அது இல்லாவிட்டால் நாளை ஒரு நாளாவது அவர் வீட்டில் உட்காருவார். தண்ணீர் நான் பாய்ச்சுவேன்.

ஞாயிறு மாலை எழுதுகிறேன்.

விடியும்போதே போனேன். நம் வயலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒங்க மம்பட்டியக் காணோம் தாயி. எவனோ களவாண்டுட்டான். அதான் எங்க வீட்டுத எடுத்தாந்தேன்" என்றார் வீராயி அக்கா.

என் கையிலிருந்ததை நீட்டினேன். அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்களா எடுத்துட்டுப் போனீக? ஒங்கய்யா ஒரு சனிக்கெழமகூட இப்படிச் செஞ்சதில்ல. ஒரு தடவ அடமழ. மறந்து தூக்கிட்டுப் போனவுக, வீடு வரைக்கும் போயிட்டு, நனஞ்சுக்கிட்டே திரும்பி வந்து போட்டுட்டுப் போனாக. நான் அந்தப் புளியமரத்தடியில நின்னு பாத்தேன்."

அந்த மழையில் நீங்கள் எதற்காகத் திரும்பி வந்தீர்கள், அப்பா?

அவரை வரப்பில் உட்காரவைத்துவிட்டு நான் இறங்கினேன். "கரண்டியப் புடிக்கிற மாதிரி புடிக்கிறாக பாரு! ஏ மனுசா, இந்தக் கூத்த நீ பாத்திருக்கணும்!" என்று செத்துப்போன தன் புருஷனைக் கூப்பிட்டுச் சிரித்தார். இரண்டு முறை எழுந்து வரப் பார்த்தார். இரண்டு முறையும் உட்காரச் சொன்னேன். மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார்.

சேற்றுச் சேலையோடு ஆலயத்துக்குப் போனேன். நம் வயலுக்கு முப்பது வருஷமாக ஞாயிறுதோறும் தண்ணீர் பாய்ச்சியவர் மேல் வயல் வீராயி என்று சொன்னேன். அப்பா ஓய்ந்திருந்தார், அந்த அம்மா ஓயவில்லை என்று சொன்னேன். உங்களுக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. தெரியாது என்றும் சொல்லவில்லை. அத்தை எழுந்து வெளியே போய்விட்டார். உபதேசியார் பாட்டு எண்ணைச் சொல்லாமல் வெகுநேரம் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடம் திறந்து நான் மதுரைக்குப் பாடம் நடத்தத் திரும்புவதற்குள் வாய்க்கால் பெரியவர்களைப் பார்த்து நம் முறையை வேறு கிழமைக்கு மாற்றிக் கேட்பேன். நீங்கள் ஒருமுறையும் கேட்காததை நான் கேட்பேன். அதுவரை ஞாயிற்றுக்கிழமை மடையில் நான் நிற்பேன். சனிக்கிழமை மம்பட்டி நம் வீட்டுக்கு வந்துவிடும்.

உங்கள் மூத்த மகள்,
எஸ்தர்