இரண்டே இழை

என் வீட்டுக்காரிக்கு,

நேற்றே பார்த்துவிட்டேன். உன் பைக்கின் கிளட்ச் கேபிள் இரண்டே இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. மெக்கானிக்காக இருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. தெருமுனையிலேயே அது அறுந்து போகட்டும், உன் கல்லூரித் தோழனோடு நீ போகும் பத்து நாள் பயணமும் அதோடு நிற்கட்டும் என்று இருந்தேன்.

காலையில் நீ அவனிடம் போனில் சொன்னது காதில் விழுந்தது.

"எங்க வீட்டுக்காரர் கை வச்ச வண்டி. வழியில நிக்கவே நிக்காது."

கூனிக் குறுகிப் போனேன். உடனே புதுக் கேபிள் மாட்டிவிட்டேன்.

அவன் வண்டியையும் ஒரு பார்வை பார்க்கச் சொன்னாய். பார்த்தேன். ஒரு மணி நேரம் சல்லடை போட்டுத் தேடியும் ஒரு குறைகூடக் கிடைக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பத்திரமாகப் போய் வா.

வயிற்றெரிச்சல் தீராத
உன் வீட்டுக்காரன்