முப்பத்தெட்டுக் கையெழுத்தும் ஒரு சாவியும்

ஜூலை 8, திங்கள்

பத்தாம் வகுப்பில் இன்று சீர்திருத்த இயக்கங்கள் பாடம் ஆரம்பம். பத்து வருஷமாக நடத்துகிற பாடம்தான், ஆனாலும் காலையிலிருந்து கால் தரையில் பாவவில்லை. பெண் படிப்பு, விதவை மணம், கோயில் நுழைவு, மனு, ஊர்வலம் என்று தொண்டை வறளப் பேசினேன். கடைசியில் ஒரு வேலை கொடுத்தேன். "நம்ம பள்ளிக்கூடத்துல யாரும் எழுதி வைக்காத, ஆனா யாரும் மீறாத விதி ஒண்ணைக் கண்டுபிடிச்சுட்டு வாங்க." ஒரு வாரம் கெடு.

ஜூலை 10

'செல்போன் கூடாது' என்று ஒருவன் கொண்டு வந்தான். அது எழுதி ஒட்டியிருக்கிற விதி, கண்ணு. தள்ளுபடி.

ஜூலை 15, திங்கள்

மானம் போச்சு. சந்தோஷமாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் வருமா? வந்தது.

எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி கேட்பதால் வகுப்பே ஒருத்தியை 'வக்கீல்' என்றுதான் கூப்பிடும். அவள் எழுந்தாள். "டீச்சர், உங்க ஸ்டாஃப் ரூம்ல ஆயாம்மா எங்க உக்காருவாங்க?"

பள்ளிக்கூடத்தைக் கூட்டிக் கழுவுகிற அந்த அக்கா கதவோரம் நின்றபடிதான் டீ குடிப்பார். அறையில் நாங்கள் எட்டுப் பேர், நாற்காலி பதினொன்று. இத்தனை வருஷம் என் கண் எங்கே போயிருந்தது?

"மனு எழுதுங்க" என்றேன். மணி அடிப்பதற்குள் முப்பத்தெட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அடடா, என் பிள்ளைகள்!

ஜூலை 16

"பாடம் நடத்தச் சொன்னா நாடகம் நடத்துறீங்க" என்றார் ஹெச்.எம். சிரித்துக்கொண்டேதான். நாற்காலிக்கு அனுமதி! வீட்டுக்காரரிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். "நாலாவது தடவையைச் சாப்பிட்டுட்டுக் கேக்கறேன்" என்கிறார்.

ஜூலை 18, வியாழன்

சொதப்பல். மகா சொதப்பல்.

நாற்காலியில் காகிதப் பூ ஒட்டி, வக்கீல் ஒரு பக்கம் உரை எழுதி, அக்காவைக் கூட்டிவந்து எல்லோரும் கைதட்டினோம். அக்கா உட்காரவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"எனக்காகத்தானே இவ்வளவும்? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கைதட்டல் அப்படியே நின்றது. முப்பத்தெட்டுக் கையெழுத்து வாங்கத் தெரிந்தது, அவரைக் கேட்கத் தெரியவில்லை. இதைக்கூடச் சொல்லித்தராமல் நான் என்னத்தைக் கிழிச்சேன்?

வக்கீல்தான் முதலில் சுதாரித்தாள். "தப்புதான் ஆயாம்மா. உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க."

அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார். "காலைல டீச்சருங்க பாத்ரூமைக் கழுவிட்டு சாவியை ஆபீஸ்ல குடுத்துடணும். பிள்ளைங்க பாத்ரூமுக்கும் போகக் கூடாதாம். நாலு மணிக்கு வீட்டுக்குப் போற வரைக்கும் அடக்கிக்கிட்டுதான் இருக்கேன். நீங்க குடுக்குற டீயில பாதியைக் கொட்டிடறேன். நாற்காலியை நீங்களே வெச்சுக்கோங்க, எனக்கு அந்தச் சாவிதான் வேணும்."

அழுகை முட்டியது. பிள்ளைகள் முன்னால் அழவில்லை.

ஜூலை 19

இரண்டாவது மனு. அக்கா சொல்லச் சொல்ல வக்கீல் எழுதினாள். முதல் கையெழுத்து அக்காவுடையது.

இந்தத் தடவை ஹெச்.எம். சிரிக்கவில்லை. "நாற்காலி சரி. இது வழக்கமே இல்லையே!" கணக்கு டீச்சர் முகத்தைச் சுளித்தார். "அவங்க போன இடத்துக்கு நாம எப்படிப் போறது?" எனக்கு வந்ததே கோபம்! "அவங்க கழுவின இடத்துக்கு மட்டும் போகலாமா?" என்று, டீச்சர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்திருக்கிற பாத்ரூம் சாவியில் என்னுடையதைக் கழற்றி ஹெச்.எம். மேசையில் வைத்துவிட்டேன். அவங்களுக்கு இல்லைன்னா எனக்கும் வேண்டாம்.

ஜூலை 22

பதினொரு மணிக்கே உயிர் போய்விட்டது. அக்கா இதை எத்தனை வருஷமா... எப்படித் தாங்கினாங்க?

ஜூலை 24, புதன்

தமிழம்மா தன் சாவியை வைத்துவிட்டார்! மத்தியானம் விஞ்ஞான டீச்சர்! மாலைக்குள் மேசையில் ஐந்து சாவிகள். எங்கள் கிளர்ச்சி வேகமாக நடக்கிறது. நடக்காமல் என்ன செய்யும், எல்லோரும் வீட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் இருக்கிறோம். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது, இந்த நிலைமையில் சிரிக்கவும் கூடாது!

ஜூலை 26

ஹெச்.எம். கிளார்க்கைக் கூப்பிட்டு, "புதுசா ஒரு சாவி வெட்டிட்டு வாங்க" என்றார். எங்கள் சாவிகளையும் திருப்பிக் கொடுத்தார்.

ஜூலை 29, திங்கள்

மூன்றாவது பீரியடுக்கு முன்னால் பாத்ரூமுக்கு ஓடினேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன்.

"ஆள் இருக்கு!" — அக்கா குரல். நல்ல சத்தமாக, அவசரமே இல்லாமல்.

பின்னால் கணக்கு டீச்சர் வந்தார். "யாரு உள்ள?" சொன்னேன். முணுமுணுத்தார், போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். எனக்குப் பின்னால் நின்றுகொண்டார். மணி அடித்தது. இருவரும் நகரவில்லை.

வகுப்புக்கு ஏழு நிமிஷம் தாமதம். "ஏன் டீச்சர் லேட்டு?" என்றாள் வக்கீல்.

"வரிசையில நின்னேன்" என்றேன்.