பள்ளத்தில் முளைத்த சம்பு

என் ஆசை அண்ணிக்கு,

சௌக்கியமா என்று உங்களிடம் கேட்கலாமா கூடாதா, தெரியவில்லை. நாங்கள் இருக்கிறோம். அண்ணன் லாரி ஓட்டுகிறான். நான் அதே ஸ்ரீபெரும்புதூர் செல்போன் கம்பெனிக்குத்தான் ஷிப்டு பஸ் ஏறிக்கொண்டிருக்கிறேன். உங்கள் மகள் மீனா மூன்றாம் வகுப்பு. உங்களைப் போலவே சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டு, அப்புறம் குழம்பு கேட்கிறாள்.

இன்று எழுத உட்கார்ந்தது சம்புக் கோரையைப் பற்றிச் சொல்லத்தான்.

உங்களுக்கு அதன்மேல் அப்படி ஒரு பைத்தியம். கல்யாணமாகி வந்த புதிதில், நம் ஏரிக்கரையில் ஆளுயரத்துக்கு நின்ற சம்பைப் பார்த்த பிறகுதான் புகுந்த வீடு பிடித்தது என்றீர்கள். இலையை வெட்டி வந்து குளிக்கிற இடத்துக்குத் தட்டி கட்டினீர்கள். பாய் முடைந்தீர்கள். அடித்தண்டின் வெள்ளைக் குருத்தை உரித்துத் தின்னக் கொடுத்தீர்கள். எனக்கு அது வெள்ளரிக்காய் மாதிரி இருந்தது, அண்ணனுக்குச் சேறு மாதிரி. என் கால் கிழிந்தபோது பழுத்த கதிரை உதிர்த்து, அந்தப் பஞ்சை அப்பித்தான் ரத்தத்தை நிறுத்தினீர்கள். பழுப்புக் கதிர்களைக் காட்டி மீனா குச்சி ஐஸ் கேட்டு அழுதது நினைவிருக்கிறதா? சாயங்கால வெயிலில் அவை அசையாமல் நிற்பது எனக்கும் அழகாகத்தான் தெரியும். உங்களிடம் ஒத்துக்கொண்டதில்லை, அவ்வளவுதான்.

உங்கள் தலையணையும் அந்தப் பஞ்சுதான். ஊரில் எல்லோருக்கும் இலவம்பஞ்சு, உங்களுக்கு மட்டும் சம்புப் பஞ்சு.

மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோன பிறகு, வழக்கப்படி உங்கள் பாயையும் தலையணையையும் அண்ணன் எறிய எடுத்துப்போனான். அடைமழை. சுடுகாடுவரை போகாமல், ஒரகடம் ரோட்டுக்கு மண் அள்ளிய பள்ளத்தில் போட்டுவிட்டு வந்துவிட்டான். இலவம்பஞ்சு என்றால் மக்கிப்போயிருக்கும். உங்கள் தலையணை முழுக்க விதை என்று எங்களில் ஒருவருக்காவது உறைத்ததா?

மழை விட்டதும் முளைத்தது. ஏரியில் சம்பு தாறுமாறாகப் பரவும். இது மொட்டைச் செம்மண் பள்ளத்தில், கரையை ஒட்டி, ஓர் ஆள் ஒருக்களித்துப் படுத்த நீளத்துக்கு மட்டும் வந்தது. நீங்கள் முழங்காலை மடக்கித்தானே படுப்பீர்கள்? அந்த மடக்கும் இருந்தது.

அடுத்த பங்குனியில் கதிர் வெடித்தது. இலைகூட அசையாத உச்சி வேளையில் பஞ்சு வீட்டுக்குள் வந்தது. நீங்கள் படுக்கும் மூலையில் மட்டும் படிந்தது. பெருக்கித் தள்ளினால் மறுநாளும் அதே மூலை. கம்பெனியில் தூசியைக் காற்றடித்துத் தட்டும் அறையைத் தாண்டித்தான் லைனுக்குள் போவோம். அப்படியும் ஒருநாள் சூப்பர்வைசர், "இன்னாம்மா, தொப்பில பஞ்சு?" என்றார். ஒன்றே ஒன்று, என் காதுக்குப் பக்கத்தில்.

மீனா அந்தப் பஞ்சைப் பொறுக்கித் தன் பழைய பாவாடையில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி பண்ற?"

"அம்மா கொஞ்சம் கொஞ்சமா வந்துகினு கீறாங்க அத்தை. இன்னும் கொஞ்சம்தான்."

அண்ணன் தீப்பெட்டியை எடுத்தான். "பொண்ணத் தூக்கிக்கினு போவத்தான் வந்துகீறா. எல்லாத்தையும் கொளுத்திடறேன்," என்று கிளம்பினான். நான்தான் தடுத்தேன். பெற்றவள் அப்படிச் செய்வாளா என்ற ஒரே தைரியம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மீனாவைக் காணோம். பள்ளத்துக்கு ஓடினேன். சம்புக்கு நடுவே இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள். அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பள்ளத்தில் எருமையே முங்கிச் செத்திருக்கிறது, அண்ணி. சம்பின் வேர் பின்னிக் கிடந்த அந்த ஓர் இடத்தில்தான் அவளுக்குக் கால் ஊன்றியிருந்தது.

"வழுக்கிட்டேன் அத்தை. அம்மா புடிச்சிக்கினாங்க."

கரையிலிருந்த வேலங்கிளையைப் பிடித்துக்கொண்டு இறங்கி, அவளை இழுத்தேன். வரவில்லை. காலில் வேர் சுற்றியிருந்தது. இழுக்க இழுக்க இறுகியது. காப்பாற்றப் பிடித்தீர்களா, வைத்துக்கொள்ளப் பிடித்தீர்களா?

உங்களை ஒருநாளும் ஒருமையில் பேசாதவள் அன்று கத்தினேன்: "வுடு அண்ணி! பெத்தவ நீதான், யார் இல்லன்னா? வளக்கறது நானு. வுட்டுடு!"

சம்பு மொத்தமும் ஒருமுறை அசைந்தது. கால் வெளியே வந்தது. கணுக்காலில் வேர் அழுத்திய தடம் இன்னும் போகவில்லை. கேட்டால், கொலுசு என்கிறாள்.

நேற்று பள்ளிக்கூடம் விட்டு வந்து, வாசலில் பையைப் போட்டுவிட்டு, "அம்மா, பசிக்குது," என்றாள். உங்களைத்தான் கூப்பிடுகிறாள் என்று நான் என் வேலையைப் பார்த்தேன். உள்ளே வந்து என் தோளை உலுக்கினாள். "உன்னத்தான்!"

சோறு போட்டேன். பாதிச் சோறு தட்டுக்கு வெளியே விழுந்தது. இதற்காக நான் எவ்வளவு ஏங்கியிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் சோற்றைப் பொறுக்கும்போதே பள்ளத்துப் பக்க ஜன்னலைச் சாத்தினேன்.

வாக்குக் கொடுக்கிறேன் அண்ணி. நான் இருக்கும்வரை அந்தச் சம்பை யாரும் கொளுத்த மாட்டார்கள். கதிர் பழுக்கும்போதெல்லாம் மீனாவைக் கூட்டி வந்து கரையில் நிறுத்துவேன், அவள் கையை விடாமல். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளுங்கள். கூப்பிட மட்டும் கூப்பிடாதீர்கள்.

உங்கள் நாத்தனார்,
கஸ்தூரி