பேகத்துக்கு சுகர் இல்லை, அங்கிள்

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன், அங்கிள். எதையும் குறைக்க மாட்டேன், அழகுபடுத்தவும் மாட்டேன். இறந்துபோனவரைக் குறை சொல்லக் கூடாது என்கிறாள் அம்மா. சொல்லாமல் இருப்பதற்கு நீங்கள்தான் எனக்கு வழி வைக்கவில்லை.

இன்று மாலை உங்கள் மகள் சிறுசேரியிலிருந்து வீட்டைக் காலி செய்ய வந்திருந்தார். எதிர்வீடு என்பதால் நானும் உதவிக்குப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்து டிராயரை அக்கா இழுத்ததும் ஸ்பிரிட் வாசனை வந்தது. உள்ளே பஞ்சு, ரத்தம் எடுக்கக் குத்தும் ஊசிப் பேனா, சுகர் மிஷின், பிரிக்காத ஸ்ட்ரிப் டப்பா இரண்டு. அக்காவுக்கு உங்கள் ஞாபகம் வந்து கண் கலங்கியது. எனக்குப் பூனையின் காதுதான் ஞாபகம் வந்தது.

நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போன முதல் வாரம் அது. பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என்னை, எப்போதும் புத்தகமும் கையுமாக இருக்கிறவள் என்று நீங்கள் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டீர்கள்.

"டீச்சரம்மா, ஒரு கை புடி. பேகத்துக்கு வயசாவுது. சுகர் கீதான்னு தெனம் பாக்கணும்."

பேகத்துக்கு ஐந்து வயதுதான். மதில் சுவரை ஒரே தாவலில் ஏறுகிற பூனை. ஆனாலும் நம்பினேன். பூனைக்கும் சர்க்கரை நோய் வரும் என்று நூலகத்தில் படித்துவிட்டு வந்து, நூறு பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டேன். தேதி, மணி, சாப்பிட்டதா இல்லையா, எவ்வளவு காட்டியது. ஒரு நல்ல காரியத்தில் இருக்கிறேன் என்று எனக்குப் பெருமை வேறு. இப்போது நினைத்தால் கூசுகிறது.

சூடான டீ டம்ளரில் ஒற்றியெடுத்த கைக்குட்டையைக் காதில் வைத்துச் சூடேற்றுவேன். காதுக்குப் பின்னால் பஞ்சை வைத்துப் பிடிப்பேன். நீங்கள் விளிம்பில் ஒரு குத்து குத்துவீர்கள். கடுகளவு ரத்தத்தை ஸ்ட்ரிப் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு பேகத்துக்கு ஒரு துண்டு வேகவைத்த கோழி.

முதல் நாள் அது திமிறி உங்கள் கையைப் பிறாண்டியது. மிஷின் இருநூற்றுக்கு மேல் காட்டியது. "இத்த எழுதாத. இது வாணாம்" என்றீர்கள். நான் எழுதினேன். பயந்துபோனால் நல்ல பூனைக்கும் சர்க்கரை ஏறும் என்று படித்து வந்து சொன்னேன். மறுநாளிலிருந்து அது தூங்கி வழியும்வரை மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தீர்கள். பாசம் என்று நினைத்தேன். நல்ல நம்பர் வருவதற்காகத் தடவியிருக்கிறீர்கள்.

மனிதர்களுக்கான மிஷின் பூனையின் ரத்தத்தில் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும் என்று ஒருநாள் கவலையோடு சொன்னேன். உங்கள் முகம் மலர்ந்ததே!

"கொறச்சலா காட்டுதா? அப்போ நல்ல மிஷின்தான்!"

அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புத்தகம் படிக்கிறவள் என்று பேர்தான்.

தீபாவளி லீவு முடிந்த திங்கட்கிழமை, நீங்கள் கோழி எடுக்கச் சமையலறைக்குப் போனபோது மேசையிலிருந்த போன் ஒளிர்ந்தது. சற்றுமுன் பேகத்துக்குப் பார்த்த மிஷினின் படம். கீழே அக்காவின் பதில்: "94! சூப்பர் அத்தா! இப்படியே மெயின்டெயின் பண்ணுங்க."

"அங்கிள், இது பேகத்தோட நம்பர்."

"சத்தம் போடாத."

"உங்களுக்கு எவ்வளவு?"

"அவ நிம்மதியா வேல பாக்கட்டும் டீச்சரம்மா. ஊசின்னாலே எனுக்கு ஆவாது. உனுக்குத் தெரியாதா?"

எனக்கு அது தெரியாது. ஐந்து மாதம் பூனையைக் குத்தின கை, தன் விரலில் ஒரு குத்து வாங்கப் பயப்படும் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. பேகம் உங்களைவிடத் தைரியசாலி. "இனிமே நான் பிடிக்க மாட்டேன்" என்று நோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு உங்களோடு பேசவில்லை. மாடிப்படியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். குரோம்பேட்டையில் முப்பது வருஷம் செருப்புக்கடை வைத்து, ஊர்க்காரர்களின் காலையெல்லாம் பார்த்தவர் நீங்கள். அந்தப் புழுக்கத்திலும் வலது காலில் மட்டும் சாக்ஸ் போட்டுக்கொண்டு நொண்டினீர்கள். பார்த்தேன். பார்த்துவிட்டுப் படியேறிப் போனேன். மூன்றாவது வாரம் ஆம்புலன்ஸ் வந்தது. பெருவிரலில் தொடங்கிய புண் கணுக்கால்வரை கறுத்திருந்ததாம். காலை எடுத்தும் நீங்கள் திரும்பி வரவில்லை.

இன்று அக்கா அந்த மிஷினைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்: "சுகர ரொம்ப நாளா கவனிக்காம விட்டுட்டாருன்னு ஆஸ்பத்திரி டாக்டர் எழுதியிருக்காரு ஆன்ட்டி. பொய்! தெனம் காலையில எனக்குப் போட்டோ அனுப்புவாரு. எல்லாம் நூறுக்குள்ள. நாளைக்கு இதெல்லாம் பிரின்ட் போட்டு அவர் மேல கம்ப்ளெயின்ட் குடுக்கப்போறேன்."

உங்கள் பொய்யை ஒரு டாக்டரின் தலையில் கட்டப்போகிறார்கள். நீங்கள் சுவரில் படமாகிச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்து வந்தேன்.

"அக்கா, போன்ல இருக்கிற தேதியையும் இதையும் பாருங்க."

அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தார். 88. 91. 94. பக்கம் புரட்டப் புரட்ட விரல் மெதுவானது.

"இது யாரோடது?"

"பேகத்தோடது."

"பூனையோடதா?" சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது. "கடைசில ஸ்ட்ரிப் தீந்துபோச்சு, அதான் போட்டோ அனுப்பலன்னாரு. அன்னைக்கே ரெண்டு டப்பா ஆர்டர் போட்டேன். உனக்கு எப்பத் தெரியும்?"

"தீபாவளி முடிஞ்சதும் தெரியும்."

"ஏன் சொல்லல?"

"அங்கிள் மேல கோபம்க்கா. பேச்சை நிறுத்திட்டேன்."

"அவர்கிட்ட சரி. எங்கிட்ட ஏன்டி பேசல?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு போன் போதும். அக்காவின் நம்பர் எங்கள் வீட்டுக் காலண்டரிலேயே எழுதியிருக்கிறது. மூன்று வாரம் உங்களை இளக்காரமாகப் பார்ப்பதிலேயே எனக்குப் பொழுது சரியாக இருந்தது. உங்களுக்கு ஊசி பயம். எனக்கு அந்தச் சாக்குகூட இல்லை.

உங்களை நான் மன்னிக்கவில்லை, அங்கிள். என்னையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்து வைத்திருக்கிறேன்.

அக்கா கம்ப்ளெயின்ட் பற்றி அப்புறம் பேசவில்லை. நோட்டைத் தன் பையில் வைத்துக்கொண்டார். பூனையை நீயே வைத்துக்கொள் என்றார். பிறகு ஹால், சமையலறை, உங்கள் அறை என்று ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டி விளக்குகளை அணைத்தார்.