வேலிக்கு அங்கால என்ட தம்பி

மறியற்சாலை,
மட்டக்களப்பு.
03.06.2024

என்ட கண்ணகைப் புள்ளைக்கு,

சுகமா இரிக்கியா? இஞ்ச சோத்தில கல்லுத்தான் கூட. புருசனை ஒருக்காலும் பார்க்க வரல்லையே, அவ்வளவு கோபமா? போகட்டும்.

இருபதாம் திகதி வழக்கில உன்ட சாட்சிதான் முக்கியமாம். நிதுர்ஷன் பொல்லோட அடிக்க வந்தான், தடுக்கத்தான் கத்தியை வீசினன் எண்டு சொல்லு. உன்ட தம்பி எனக்கும் தம்பிதான். ஆனா இறால் பண்ணைக் கம்பனிட காவல் உடுப்பைப் போட்டுக்கொண்டு, நாங்க வலை வீசின கரையில நிண்டு என்னையே மறிச்சானே! களப்பை விட்டுட்டு நான் எங்க போற?

அன்போட,
யோகராசா

பனிச்சங்கேணி,
07.06.2024

மச்சானுக்கு,

கடிதம் கிடைச்சுது. நான் ஆசுபத்திரியில நிண்டன். தம்பிட வலக்கை மணிக்கட்டோட போயிட்டு. சீழ் வச்சு, மேலயும் அறுத்தாங்க. அவன் கத்தினது இன்னும் காதுக்குள்ள கேக்குது. 2006இல சண்டையில செல் விழக்க அவனுக்கு ஆறு வயசு. இதே களப்பில இடுப்பளவு தண்ணிக்குள்ள தோளில தூக்கிக்கொண்டு ஓடினன். ஒரு கீறல் படாமக் கொண்டுவந்த புள்ள, மச்சான்.

கம்பனி வேலியடிச்சது அநியாயம்தான். வயலும் உப்பாப் போச்சு. அந்த உடுப்பைப் போடாட்டி அவன் என்னத்தத் தின்னுற?

பொல்லு எண்டு எழுதியிரிக்கீங்க. அண்டைக்குக் காலையில உங்களுக்குச் சோறு கொண்டுவந்த நான் பார்த்துக்கொண்டுதான் நிண்டன். அவன்ட கையில இரிந்தது கேற் பூட்டைத் திறக்கிற திறப்பு. "கத்தாதீங்க அத்தான், முதலாளி வர முதல் உள்ள வாங்க" எண்டுதான் சொன்னான். துண்டான கையில இரிந்து அந்தத் திறப்பை நான்தான் விரல் பிரிச்சு எடுத்தன்.

கண்ணகை

மறியற்சாலை,
12.06.2024

கண்ணகை,

திறப்பெண்டு எனக்கு எப்படித் தெரியும்? உடுப்பைக் கண்ட உடனே கண்மண் தெரியல்ல. நடந்தது நடந்துட்டு. நீ கோட்டில வாயைத் திறந்தா நான் வருசக்கணக்கா உள்ளதான். வெளியில வாற நாள் அவன்ட மற்றக் கையையும் எடுப்பன், உன்னையும் வெட்டிக் களப்பில போடுவன். யோசிச்சு நட.

யோகராசா

பனிச்சங்கேணி,
16.06.2024

யோகராசாவுக்கு,

கண்டதை அப்படியே சொல்லுவன். உங்கட கடிதத்தையும் நீதவானிட்டக் குடுப்பன். பதினஞ்சு வருசம் ஆக்கிப் போட்டவளை வெட்டுவன் எண்டு எழுதக் கை கூசல்லையா? பாவி மனிசன்! நேற்று முழுக்க அழுதன். இனி அழமாட்டன்.

இது அம்மா எனக்குச் சீதனமாத் தந்த வீடு. நீங்க கலியாணம் முடிச்சு இஞ்ச வந்த மனிசன். உங்கட சாரன், வலை எல்லாத்தையும் உங்கட அம்மாட்டக் குடுத்திட்டன். அங்கயே போங்க. தம்பியைக் கூட்டிவந்து நம்மட அறையில படுக்க வச்சிரிக்கன்.

இந்த விலாசத்துக்கு இனி எழுத வேணாம்.

கண்ணகை