கிஷோர் கொண்டுவந்த மிக்ஸி

அன்புள்ள நைனாவுக்கு,

பரணியின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நலமா? திருப்பதியில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

செல்போன் கம்பெனியில் ஆள் குறைத்தபோது என்னையும் அனுப்பிவிட்டார்கள். உங்களிடம் இத்தனை நாள் சொல்லக் கூச்சமாக இருந்தது. இப்போது, வேலை போய் ஊர் திரும்புகிறவர்களிடம் கட்டில், அடுப்பு, ஃபேன் எல்லாம் வாங்கி, காலேஜ் பிள்ளைகளுக்கு விற்கிறேன். வியாபாரம் நன்றாக நடக்கிறது.

நேற்று ஒருவர் மிக்ஸி கொண்டுவந்தார். முகம் பார்க்காமலே, "இது ஓடாது, சும்மா குடுத்தாக்கூட வேணாம்" என்று விலையைக் குறைக்கப் பார்த்தேன். நிமிர்ந்தால், கம்பெனியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த கிஷோர்.

"எல்லார்கிட்டயும் இப்டித்தான் பேசிக்கினு இருக்கியா பரணி?" என்றான்.

"ஊருக்குப் போவாதே. உனக்கு ரிப்பேர் வேலை தெரியும். ரெண்டு பேருமா கடை நடத்தலாம்" என்றேன். அவன் மிக்ஸியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இன்று காலை வந்து, பழுதான ஃபேன் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருக்கிறான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அம்மாவின் எள்ளுப்பொடியை நகரி பஸ்ஸில் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள், இரண்டு பேருக்கும் சேர்த்து. கிஷோர் கூப்பிடுகிறான், நிறுத்துகிறேன். ஊரில் யாராவது கேட்டால், கம்பெனியில் இருக்கிறான் என்று இனி சொல்ல வேண்டாம். பழைய சாமான் கடை வைத்திருக்கிறான் என்றே சொல்லுங்கள்.

உங்கள் மகன்
பரணி