கோலார் கச்சேரியில் நீ கொடுத்த மனு

இன்று காலை பௌரிங்பேட்டை ரயிலடியில் இறங்கியதும் பிளேக் டாக்டருக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. கார்பாலிக் நெடி மூக்கைத் துளைத்தது. நாக்கை நீட்டு, கையைத் தூக்கு, அக்குளைக் காட்டு என்று ஒவ்வொருவராகப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் நின்ற பெரிய மனிதர் ஒருவர் சரிகை அங்கவஸ்திரத்தை விலக்கிவிட்டுக் கையைத் தூக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கப்பலேறும் கூலிகளை அடைத்து வைக்கும் மதராஸ் டிப்போவில் உங்களையெல்லாம் பரிசோதித்த வெள்ளைக்கார டாக்டரைப் போல நீ நடித்துக் காட்டுவாயே, அது நினைவுக்கு வந்தது. சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல எங்கள் வாயையெல்லாம் திறந்து பார்த்து, "பாஸ்" என்று முதுகில் ஓங்கித் தட்டுவாய். உனக்கு எழுத வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். எழுதினால் நீ படிக்கப்போவதில்லை. உயிரோடு இருந்தபோதும் உனக்கு எழுத்து வாசனை கிடையாது, யாராவது படித்துத்தான் சொல்ல வேண்டும். ஆகவே அதில் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை.

நீயும் நானும் குடியாத்தம் பக்கத்தில் ஒரே ஊர், ஒரே வயது. மாடு விற்க வேலூர்ச் சந்தைக்குப் போனவன் நீ, திரும்பி வரவில்லை. உனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. கப்பலுக்கு ஆள் பிடிக்கிறவன் ஒருவன் வயிறாரச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, நேட்டால் என்ற தேசத்தில் கரும்புத் தோட்டத்து வேலை, கைநிறையச் சம்பளம் என்று சொல்லி மதராசுக்குக் கூட்டிப் போனதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும்? நாலு வருஷம் பார்த்தார்கள். பிறகு உனக்குக் கருமாதி செய்தார்கள். அந்தச் சோற்றை நானும் உட்கார்ந்து தின்றேன். வடை நன்றாக இருந்தது என்று பிற்பாடு உன்னிடமே சொல்லியிருக்கிறேன், நீயும் சிரித்திருக்கிறாய். உன் பெண்டாட்டி செங்கம்மாவை வேறொருவனுக்கு அறுத்துக் கட்டிக் கொடுத்தார்கள். நம் சனத்தில் அது வழக்கம்தான், யாரும் அதைத் தப்பாகப் பேசவில்லை.

அப்புறம் மழை பொய்த்து ஊரில் பாதிப் பேர் கோலார் தங்கவயலுக்கு வந்துவிட்டோம். பத்து வருஷம் கழித்து நீ திரும்பியபோது ஊரில் உன் வீடு இடிந்து கிடந்ததாம். வழியெல்லாம் கேட்டுக்கொண்டே இங்கே வந்து சேர்ந்தாய். செத்தவன் வந்துவிட்டான் என்று சுரங்கக் கூலிகள் குடியிருக்கும் லைனே கூடிவிட்டது. நந்திதுர்க் சுரங்கத்தில் கீழே மரம் முட்டுக் கொடுக்கும் வேலை கிடைத்தது. செங்கம்மாவின் வீட்டுக்கு இரண்டு வரிசை தள்ளி உனக்கு ஒரு தட்டி வீடும் கிடைத்தது. தண்ணீர்த் தொட்டியடியில் அவளைப் பார்த்தால் குடத்தை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவாய். அவளும் அப்படித்தான். அவள் புருஷனுக்கும் உனக்கும் ஒரே ஷிப்ட். தினமும் ஒரே கேஜ் கூண்டில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கீழே இறங்குவீர்கள். அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

நான் அப்போது அஸ்ஸே ஆபீசில் இருந்தேன். வெட்டி எடுத்த கல்லை இடித்து, உருக்கி, அதில் தங்கம் எத்தனை என்று நிறுத்துச் சொல்லும் இடம் அது. பாதிரியார் பள்ளியில் படித்த இங்கிலீஷ் எனக்கு அங்கே சோறு போட்டது. அந்தச் சமயத்தில்தான் மைசூர் சர்க்கார் ஓர் அறிவிப்புப் போட்டது. தங்கம் சோதிக்கத் தெரிந்த ஆள் ஒருவன் சர்க்காருக்கென்று வேண்டும், ஒரு வருஷம் சீமைக்கு அனுப்பிப் படிக்கவைப்போம், கப்பல் செலவும் சாப்பாட்டுச் செலவும் சர்க்காருடையது என்றது அறிவிப்பு. நானும் மனுப் போட்டேன். இருந்தது ஒரே இடம், கேட்டவர்கள் பலர். முடிவு சீக்கிரம் தெரிவிக்கப்படும் என்று ஒரு வரிப் பதில் வந்தது. சர்க்காரின் சீக்கிரம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாததா?

அந்த மாதங்களில் நான் பட்ட பாடு நாய் படாது. காலையில் போய்த்தான் தீர்வது என்பேன், சாயங்காலம் வேண்டாம் என்பேன். போனால் கையிலிருக்கும் வேலை போய்விடும். ஒரு வருஷம் உன் இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது என்று துரை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். என் பெண்டாட்டி பாக்கியத்தின் இடுப்பில் கைக்குழந்தை. நைனாவுக்கு, என் அப்பாவுக்கு, கண் மங்கிக்கொண்டு வந்தது. போகாவிட்டாலோ, ஆயுசு பூராவும் வெள்ளைக்காரச் சோதனைக்காரர் தும்மும்போது தராசு ஆடாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அவர் செய்யும் வேலையில் பாதியை நான்தான் செய்தேன், கையெழுத்துப் போடுவது மட்டும் அவர். எனக்குப் போக ஆசையாக இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் பயம். கிடைக்காமல் போனால் நாலு பேர் சிரிப்பார்களே.

ஆனால் லைனில் சேதி பரவிய விதமே வேறு. சர்க்கார் காசு கொடுத்துக் கப்பலேற்றுகிறது. கோலார் ஆஸ்பத்திரியில் டாக்டர் உடம்பைத் தட்டிப் பார்த்துச் சீட்டுக் கொடுத்திருக்கிறார். ஐந்து வருஷம் சொன்ன இடத்தில் வேலை செய்வதாகக் கையெழுத்து வேறு போட வேண்டும். படித்துத் திரும்பிய பிறகு சர்க்காரிடம் ஐந்து வருஷம் உத்தியோகம் பார்க்க வேண்டும் என்பதுதான் அது. உன் கரும்புத் தோட்டத்துக் கணக்கும் ஐந்து வருஷத்தில்தானே ஆரம்பித்தது? நம் ஆட்களுக்கு வேறென்ன தோன்றும்? படித்தவனே ஏமாந்துவிட்டான், தங்கவயலுக்கும் ஆள் பிடிக்கிறவன் வந்துவிட்டான் என்று தொட்டியடியில் பேசிக்கொண்டார்கள். நைனா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். "கப்பலுக்கு அவன் காசு கட்றான்னா உன்ன வாங்கிட்டான்னு அர்த்தம்டா" என்றார். எத்தனை சொன்னாலும் அதற்கு மேல் அவருக்குக் காது கேட்கவில்லை.

கடல் தாண்டிப் போய்த் திரும்பியவன் நீ ஒருவன்தான். ஆகவே எனக்குப் புத்தி சொல்ல நைனா உன்னை அழைத்து வந்தார். நீ வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். இது கூலிக் கப்பல் இல்லை, படிப்பு என்று விளக்கினேன். பள்ளிக்கூடம், பரிட்சை, சோதனைச்சாலை என்று என்னென்னவோ சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "எனுக்கும் நல்லதுன்னுதான்டா அந்த ஆள் புடிக்கிறவன் சொன்னான்" என்று எழுந்து போய்விட்டாய். உனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்து நான் நிம்மதியாக இருந்தேன்.

பத்து நாள் போயிருக்கும், கோலார் சர்க்கார் கச்சேரியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். முடிவு வந்துவிட்டது என்று வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். அதிகாரி உட்காரச் சொல்லவில்லை. உனக்கு அண்ணன் இருக்கிறானா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியென்றால் இது யார் என்று ஒரு காகிதத்தை எடுத்துக் கன்னடத்தில் படித்தார். இவன் என் உடன்பிறந்தவன், இவனுக்கு வயதான தகப்பனும் பெண்டாட்டி பிள்ளையும் இருக்கிறார்கள், ஒருவருக்கும் சம்மதமில்லை, தயவுசெய்து இவனைக் கப்பலேற்றாமல் வீட்டுக்கு விட்டுவிட வேண்டும். கீழே உன் பேரும் ஒரு கட்டைவிரல் ரேகையும். கச்சேரி வாசலில் மனு எழுதுகிறவன் யாரிடமோ சொல்லி எழுதி வாங்கியிருக்கிறாய்.

வீட்டில் எதிர்ப்பு உள்ளவனை அனுப்பினால் நடுவில் ஓடி வந்துவிடுவான், சர்க்கார் பணம் பாழ் என்றார் அதிகாரி. பட்டியலில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். கெஞ்சினேன். கடைசியில் மனம் இரங்கி, உன் சம்சாரத்தை அடுத்த வாரம் அழைத்து வா, அவள் தன் வாயால் சம்மதம் சொல்லட்டும், இல்லாவிட்டால் உன் பேரை அடித்துவிடுவேன் என்றார்.

அன்று உன் ஷிப்ட் முடியும் நேரத்துக்கு சுரங்க ஷாஃப்ட் வாசலிலேயே வந்து நின்றேன். கேஜிலிருந்து இறங்கிய அத்தனை பேர் முன்னாலும் உன்னைக் கேட்டேன். "நீ கெட்டது பத்தாதுன்னு என்னயும் கெடுக்கிறியாடா?" என்று கத்தியது நினைவிருக்கிறது. மற்றதெல்லாம் எழுதத் தக்கதல்ல. நீ சுரங்கத் தொப்பியில் ஒட்டியிருந்த மெழுகுவத்தி மெழுகை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றாய். உன்னோடு பேச்சை விட்டேன். அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன், நீ எழுந்து வந்து கேட்டாலும் சொல்வேன்.

பாக்கியத்திடம் கச்சேரிக்கு வருகிறாயா என்று கேட்டேன். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேரே செங்கம்மா வீட்டுக்குப் போனாள். கப்பலுக்குப் போனவனின் பெண்டாட்டியாக இருப்பது எப்படி என்று லைனில் அவளுக்குத்தானே தெரியும்? செங்கம்மா அடுப்பிலிருந்த உலையில் அரிசியைக் களைந்து போட்டாளாம். அப்புறம் சொன்னாளாம்: "ரெண்டு வருசம்னு சொல்லியிருந்தா ரெண்டு வருசம் இருந்திருப்பேன். பத்து வருசம்னு சொல்லியிருந்தாலும் இருந்திருப்பேன். அவுரு சந்தைக்கு போய்ட்டு வரேன்னுதான சொல்லிட்டு போனாரு."

பாக்கியம் வந்து இதை என்னிடம் அப்படியே சொன்னாள். சொல்லிவிட்டு, எத்தனை நாளில் வருவீர்கள் என்று கேட்டாள். ஒரு வருஷம், போக வரக் கப்பலில் இரண்டு மாதம் என்றேன். சரி, வண்டி பேசுங்கள் என்றாள். கோலாருக்கு மாட்டு வண்டியில் போனோம். அதிகாரி கன்னடத்தில் கேட்க, அவள் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு தமிழில் சொன்னாள். "எங்கிட்ட கணக்கு சொல்லிட்டுதான் போறாரு. அந்த கணக்குக்கு நான் இருப்பேன். தாண்டிச்சின்னா இங்கயே வந்து உங்களதான் கேப்பேன்." அதிகாரிக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும், மீசைக்குள் சிரித்தபடி எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகும் காத்திருக்க வேண்டியிருந்தது. தபால்காரனைப் பார்த்தாலே எழுந்து வாசலுக்கு ஓடுவேன். உன் மனுவால்தான் தாமதம் என்று மனதுக்குள் உன்னைத் திட்டாத நாளில்லை. கடைசியில் உத்தரவு வந்தது. நான்தான் அந்த ஒருவன். லைனில் யாரும் வாழ்த்துச் சொல்லவில்லை, துக்கம் விசாரிப்பதுபோல வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நீ வரவில்லை.

புறப்படும் அன்று பௌரிங்பேட்டையில் மதராஸ் வண்டிக்குக் காத்திருந்தோம். நைனா என் கையை விடவேயில்லை. ஷிப்டை விட்டுவிட்டு நீ வந்து நின்றாய், தலைகூட வாரவில்லை. பாக்கியம்தான் என் தோளைத் தொட்டு உன்னிடம் அனுப்பினாள். நீ தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாய்.

"டிப்போவுல கம்பி கேட்டு ஒண்ணு கீதுடா. கப்பல் வர்ற வரிக்கும் அங்கதான் அடச்சி வெச்சிருந்தாங்க. தெனம் யாராச்சும் அந்த கேட்டாண்ட வந்து, எம்புள்ளய குடு, என் தம்பிய குடுன்னு அழுவாங்க. கூடப்பொறந்தவன்னு சொன்னா வெளிய உட்ருவான். நானும் அந்த கேட்டயே பாத்துக்கினு கெடந்தேன். எனுக்கு யாரும் வர்ல."

வண்டி வரும் சத்தம் கேட்டது. "நீ போறது வேற எடம்னு இப்ப தெரியிது. அப்ப தெரியல. அதான் கச்சேரிக்கு வந்தேன்" என்றாய்.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னேன். வண்டி ஏறிக் காட்பாடி தாண்டிய பிறகுதான் அழுதேன்.

சீமையில் இருந்த வருஷத்தைப் பற்றித் திரும்பி வந்து உனக்கு நிறையக் கதை அளந்திருக்கிறேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அங்கே குளிரில் ஒரு முறை காய்ச்சல் கண்டு, பேச ஆளில்லாமல், ஏன் வந்தோம் என்று கிடந்தபோது, நான் காணாமல் போனால் கேட்க ஒருவன் உண்டு, பொய் சொல்லியாவது மனுக் கொடுப்பான் என்று நினைத்துக்கொள்வேன். கொஞ்சம் தூக்கம் வரும். இதை உன்னிடம் சொல்லியிருக்கலாம். நமக்குள் அப்படிப் பேசிப் பழக்கமில்லை.

எனக்குச் சர்க்கார் உத்தியோகம் பெங்களூரில் ஆகிப்போனது. இங்கே தங்கவயலில் பிளேக் வந்தபோது உனக்கும் கண்டு, உன்னை ஊருக்கு வெளியே பிளேக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். முள்வேலி, காவல், உள்ளே போனவனை யாரும் பார்க்க முடியாது. சேதி எனக்கு எட்டி, நான் விடுப்பு வாங்கி, வழியில் என்னையும் தடுத்து வைத்து அனுப்ப, வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உன்னைப் புதைத்த இடத்தைக்கூடச் சரியாகக் காட்ட ஆளில்லை.

செங்கம்மா போனாளாம். புருஷனிடம் சொல்லிவிட்டே போனாளாம். வேலிக்கு வெளியே நின்று உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். நீ யார் என்று காவல்காரன் அதட்டியதற்கு, "உள்ள கீறது எங்கூட்டு ஆளு" என்றாளாம். உன்னை வெளியே விடவில்லை, அவளையும் உள்ளே விடவில்லை. ஆனால் நீ தலையைத் தூக்கிப் பார்த்தாய் என்று அவள் பாக்கியத்திடம் சொல்லியிருக்கிறாள்.

ஆக, கடைசியில் உனக்கும் ஆள் வந்தது. அதைக் கேட்டபோது எனக்கு எத்தனை ஆறுதலாக இருந்தது தெரியுமா? ஆனால் அந்த வேலியோரத்தில் நின்று, இவன் என் கூடப்பிறந்தவன், விட்டுவிடுங்கள் என்று கேட்டிருக்க வேண்டியவன் நான். வந்தது நானில்லை என்பதை இன்னும் சுமந்துகொண்டுதான் திரிகிறேன்.